நாலரை மணி இறக்கம், பதினாலரை மணி ஏற்றம்

1

1987 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். சன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியில் இரண்டு டிகிரி, மழை இல்லை. தேநீர், இரண்டு துண்டு ரொட்டி. மனைவி ஸ்டெல்லா மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். ஆகவே மகள் ஷீலாவை எழுப்புவது என் பொறுப்பு. 6.30-க்கு ஒருமுறை, 6.45-க்கு ஒருமுறை, 6.55-க்குப் போர்வையை இழுத்து ஒருமுறை. 7.05-க்கு வீட்டைவிட்டு இறங்கினேன். 7.32-க்கு டிப்போவில் என் மேசைக்கு வந்துவிட்டேன்.

டைரியில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3-க்குச் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். 1971-இல் இதே நாளில்தான் லண்டனில் வந்து இறங்கினேன். பதினாறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதற்காகக் கேக் வெட்டுவதோ கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதோ கிடையாது. மாலையில் பயண நோட்டை எடுத்து ஒரு தரம் புரட்டுவேன், அவ்வளவுதான். 1975, 1979, 1984 என்று மூன்று முறை ஊருக்கு வந்திருக்கிறேன். மூன்று பயணங்களிலும் நான் ஏறிய ஒவ்வொரு பஸ், ரயில், விமானமும் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பது அந்த நோட்டில் இருக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் விமானத்தில் போகும் தூரத்தைத்தான் பெரிதாக நினைக்கிறீர்கள். லண்டனுக்கும் பம்பாய்க்கும் வான்வழித் தூரம் 4,480 மைல். விமானம் அதை ஒன்பது பத்து மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் 1984 ஜனவரியில், லண்டனின் ஈஸ்ட்ஹாமில் என் வீட்டுக் கதவைச் சாத்தியது முதல் ஏற்காடு மலையில், தலைச்சோலையில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது வரை 44 மணி 30 நிமிடம் ஆயிற்று. அதில் பம்பாயிலிருந்து சென்னைக்குப் பறந்ததையும் சேர்த்து, வானத்தில் இருந்தது 10 மணி 45 நிமிடம்தான். சேலத்துக்கு ரயில் வந்து சேர்ந்தபோது கடைசி பஸ் மலையேறிவிட்டது. அங்கே ஒரு லாட்ஜில் கொசுவோடு கழித்தது சரியாகப் பதினோரு மணி நேரம். விமானத்தில் இருந்ததைவிடக் கால் மணி அதிகம்.

என் வேலை பஸ்களுக்குக் கால அட்டவணை போடுவது. இன்று ஒரு வழித்தடத்தைத் திருத்தினேன். எங்கள் டிப்போவுக்கு உட்பட்ட தடங்களில் அது ஒன்றில்தான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடு உண்டு. ஏறும் பக்கத்துக்கு 14 நிமிடம், இறங்கும் பக்கத்துக்கு 11 நிமிடம் என்று எழுதினேன்.

“இரண்டுக்கும் 12 என்று போட்டால் பார்க்க ஒழுங்காக இருக்குமே” என்றார் மேலாளர்.

“பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். பஸ் ஒழுங்காக வராது” என்றேன்.

அவர் சமவெளிக்காரர். மலையில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்திலிருந்து கிளம்பும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முனகிக்கொண்டு ஏறி ஏற்காடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதே பஸ் இறங்குவதற்கு ஒன்றேகால் மணிகூட ஆகாது.

மாலை 4.30-க்கு ‘குட்நைட்’ சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வந்த புதிதில் ‘போய்ட்டு வர்றேன்’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘போய்விட்டு வருவேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைய மேலாளர் அறையைப் பூட்டாமல் இருபது நிமிடம் எனக்காகக் காத்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதன்பின் ‘குட்நைட்’ பழகிக்கொண்டேன். அதில் திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

2

5.04-க்கு வீடு. கதவுக்குக் கீழே நீல நிற ஏரோகிராம் கடிதம் கிடந்தது. ஏற்காட்டில் முத்திரை விழுந்த நாள் பிப்ரவரி 19. பன்னிரண்டு நாட்கள் ஆகியிருக்கின்றன, சராசரிதான்.

கையெழுத்து மச்சான் சவரிமுத்துவுடையது. அக்கா ரெஜினாவின் கணவர். தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். வேலையாட்களின் வருகையை எழுதும் செக்ரோல் என்ற பதிவேட்டில் எப்படி எழுதுவாரோ, அப்படியேதான் கடிதமும் எழுதுவார்: நேர்கோடு, சிறிய எழுத்து, அடித்தல் இல்லை. அக்காவுக்கு எழுதப் பிடிக்காது, சொல்லப் பிடிக்கும். அவள் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து மாற்றாமல் அவர் எழுதுவார். ஆகவே எங்கள் வீட்டுக் கடிதங்களில் முதல் பாதியும் அடுத்த பாதியும் வெவ்வேறு தமிழில் இருக்கும்.

“அன்புள்ள மாப்பிள்ளைக்கு, இங்கு யாவரும் நலம். லில்லியின் திருமணம் மே மாதம் 27-ஆம் தேதி, புதன்கிழமை காலை 9.30 மணிக்கு என முடிவாகியுள்ளது. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு வைத்தால்தான் விருந்தாளிகளுக்கு பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்பதால் இந்தத் தேதி. இனி உங்கள் அக்கா சொல்வது.

“கண்ணு, நல்லாருக்கியா? ஸ்டெல்லாவும் பாப்பாவும் நல்லாருக்காங்களா? தாய்மாமன் வருவாருங்களான்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டாங்க. நானு எடுத்துச் சொல்லிப்போட்டேன். அவன் அங்க போறதுன்னா எறக்கம், நாலரை மணில போயிருவான். இங்க வர்றதுதான் ஏத்தம், பதினாலரை மணி உக்காந்தே வரோணும். நாப்பத்தேழு வயசாச்சு, முதுகு வலி வேற. அதனாலதான் பாவம் அடிக்கடி வர முடியறதில்ல, மனசு இல்லாம இல்லைங்கன்னேன். உங்க மச்சான் நோட்ட எடுத்துக் காட்டுனாரு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. நீ நொம்ப செரமப்படாத சாமி. மொத மாலைய அந்தோணி போடட்டும். அவனுக்குச் சட்டைத்துணி எடுத்தாச்சு. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அங்கருந்தே ஜெபம் பண்ணு, போதும்.”

அந்தோணி எங்கள் சித்தப்பா மகன். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். நல்லவன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் மாலை என்றால் என்ன என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கல்யாணப் பெண் கோயிலுக்குக் கிளம்பும்போது, தாய்மாமன் அவள் கழுத்தில் ஒரு மாலை போடவேண்டும். அது விழுந்த பிறகுதான் அவள் வாசற்படி தாண்டுவாள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. லில்லிக்கு நான் ஒரே தாய்மாமன். 1984-இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. “மாமா, எங் கல்யாணத்துக்கு மட்டும் வராம ஏமாத்துனீங்க, ஊட்ட உட்டே எறங்க மாட்டேன், பாத்துக்குங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அதை டைரியில் எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்த மாலை இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. கோபத்தால் அல்ல, ஒரு கணக்கினால். அந்தக் கணக்கு தவறு. அது தவறு என்பது எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்.

3

1984 ஜனவரியில் நான் ஊரில் இருந்த மூன்று வாரமும் காப்பி அறுவடைக் காலம். மச்சானுக்குப் பழம் நிறுக்கவும் மூட்டைக்குச் சீட்டு எழுதவுமே பொழுது சரியாக இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள்தான் அவருக்கு ஓய்வு கிடைத்தது. என் விமான டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த ஊர், தேதி, நேரம் எல்லாவற்றையும் தன் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்து எங்கே இருந்தாலும் அதைப் பிரதி எடுத்து வைப்பது அவர் வழக்கம். எனக்கும் அதே வழக்கம் இருப்பதால் நான் வியப்படையவில்லை.

மறுநாள் ஏற்காடு பஸ் நிறுத்தத்தில், பஸ்ஸுக்குள் நான் சன்னலோரம் உட்கார்ந்த பிறகு அந்த நோட்டை வெளியே எடுத்தார்.

“ஏனுங்க மாப்ள, ஒரு சந்தேகம். பம்பாயில ரெண்டரைக்கு ஏறி லண்டன்ல ஏழு மணிக்கு எறங்கறீங்க. நாலரை மணி நேரம். வர்றப்ப அங்க காலைல பத்துக்கு ஏறி, பம்பாயில ராத்திரி பன்னெண்டரைக்கு எறங்கியிருக்கறீங்க. பதினாலரை மணி. ஒரே தூரத்துக்கு இப்படியுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“இதுல என்னங்க சந்தேகம்? இந்த பஸ்ஸயே பாருங்க. ஏறுனா ஒன்றரை மணி, எறங்குனா ஒண்ணேகாலு. அவனூரு பள்ளத்துல இருக்குது. நம்மூரு மேடு.”

“ஒலகம் உருண்டைடி. உருண்டைல ஏது மேடு பள்ளம்?”

“அப்ப நம்ம மலை என்ன, உருண்டைக்கு வெளியிலயா நிக்குது?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “அக்கா சொல்றதுதானுங்க நாயம்” என்று டீக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். மச்சான் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்றுதான் இருக்கவேண்டும்.

அக்காவுக்கு ஏற்றம் என்பது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. பஸ்ஸில் ஏறினால் எட்டாவது வளைவில் அவளுக்குக் குமட்டத் தொடங்கும். அதனால் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏறமாட்டாள். வளைவுக்கு வளைவு அதை மோந்துகொண்டேதான் வருவாள். சன்னல் கம்பி வழியே எனக்கும் ஒன்றைத் திணித்தாள்.

“எறக்கத்துல போறவன், சீக்கிரம் போயிருவ கண்ணு. ஏறி வர்றதுதான் செரமம். நாங்க புரிஞ்சுக்கறோம்.”

என் தொழில் கால அட்டவணை. “அங்கே கடிகாரம் இங்கிருப்பதைவிட ஐந்தரை மணி பின்னால்” என்று ஒரே வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று மாலை டைரியைப் பார்த்தேன். ‘11.20 பஸ் 11.24-க்குக் கிளம்பியது’ என்று இருக்கிறது. நான்கு நிமிடம் இருந்திருக்கிறது. அன்றைய பக்கத்தில் பஸ்ஸின் எண் இருக்கிறது, நான் உட்கார்ந்த வரிசை இருக்கிறது. அக்கா சொன்னது மட்டும் இல்லை.

அந்த எலுமிச்சம்பழம் லண்டன் வரை வந்தது. சுங்கச் சோதனையில் செடி, காய், கனி ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினேன்.

“இது எதற்கு?” என்று அதிகாரி பழத்தை எடுத்துக் காட்டிக் கேட்டார்.

“வளைவுகளுக்கு” என்றேன்.

அவர் என்னையும் பழத்தையும் பார்த்துவிட்டு, பழத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

4

ஷீலாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் பேசியவற்றை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். ஊரைப் பற்றிப் பேசும்போது அவள் ‘உங்க ஊர்’ என்பாள். ‘நம்ம ஊர்’ என்று திருத்துவதை அவளுக்குப் பத்து வயதானபோது நிறுத்திவிட்டேன்.

மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ‘எறக்கம், ஏத்தம்’ என்ற இடத்தில் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மாடிக்கு ஓடி, எட்டாவது பிறந்தநாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த உலக உருண்டையைக் கொண்டுவந்தாள். லண்டனில் ஒரு விரல், பம்பாயில் ஒரு விரல் வைத்து, நடுவில் தையல் நூலை இழுத்துப் பிடித்தாள்.

“எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் நூல் ஒன்றுதானே? அத்தை சொல்வது தப்பு.”

“தப்புதான்.”

“நீங்கள் அவர்களிடம் சொல்லவில்லையா?”

“சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.”

“அது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு எத்தனை கடிதம் போட்டீர்கள்?”

நான் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் எண் இடுவேன். இது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

“முப்பத்தேழு.”

“முப்பத்தேழு கடிதத்தில் ஒரு வரிக்கு இடமில்லையா?”

“மே மாதக் கடைசியில் உனக்குத் தேர்வு இருக்கிறது” என்றேன்.

“தேர்வு எழுதப்போவது நானா, நீங்களா?”

இந்தப் பெண் எங்களைவிட்டு விலகிப் போகிறாள் என்று நானும் ஸ்டெல்லாவும் பல முறை பேசியிருக்கிறோம். இன்று அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், அதே தலைச் சாய்ப்போடு என் அக்கா உட்கார்ந்திருந்தது போல இருந்தது. ஏற்காட்டுக்கு ஷீலா இரண்டு முறைதான் வந்திருக்கிறாள். கேள்வி கேட்கும் முறையை எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

ஒரு தாளை எடுத்து மச்சானின் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினேன். லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கடிகாரப்படி பதினாலரை மணி. ஐந்தரையைக் கழித்தால் ஒன்பது. பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கடிகாரப்படி நாலரை. ஐந்தரையைக் கூட்டினால் பத்து. கடிகாரப்படி கூட்டினாலும் திருத்திக் கூட்டினாலும் போக வர மொத்தம் பத்தொன்பது. ஆகவே கணக்கு சரி.

“நில்லுங்கள்” என்றாள் ஷீலா. “ஒன்பது, பத்து. அப்போதும் இரண்டும் சமமில்லையே?”

நான் பயண நோட்டை எடுத்தேன். 1975-இல் விமானம் வழியில் ஓர் ஊரில் நின்று சென்றதால் அதை ஒப்பிடக் கூடாது. 1979-ஐப் பார்த்தேன். ஊருக்குப் போகும்போது 8 மணி 55 நிமிடம். லண்டனுக்குத் திரும்பும்போது 10 மணி 5 நிமிடம். பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: ‘எதிர்க்காற்று என்று விமானி அறிவித்தார்.’ அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று வீசுகிறது. ஊருக்கு வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பும் விமானத்தை முகத்தில் தள்ளுகிறது. எட்டு ஆண்டுகளாக இந்தக் குறிப்பு என் மேசைக்குள் இருந்திருக்கிறது.

“அப்படியானால் அத்தை சொன்னது சரிதான்” என்றாள் ஷீலா. “மேடு பள்ளம் இருக்கிறது. எது மேடு என்பதைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.”

5

என் பக்க நியாயங்களையும் எழுதிவைக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு வருவது என்னால் முடியாது என்பது உண்மை. ஆனால் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது யாரும் விதித்ததல்ல. அது நானாகப் போட்டுக்கொண்ட அட்டவணை. அந்த இடைவெளிக்கு அக்கா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அதை என்னிடம் கேட்காமலே ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். என் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டாள். நான் அதன் நிழலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். டிப்போவில் இப்படி ஒரு தவறு இருக்கும் அட்டவணையை ஒரு நாளும் வெளியே விடமாட்டேன். அக்காவிடம் மூன்று ஆண்டுகள் விட்டுவைத்திருக்கிறேன்.

போவதென்றால் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, விடுப்பு. எங்கள் அலுவலகத்தில் யார் எந்த வாரம் விடுப்பில் போவது என்பதை ஜனவரியிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். என் பெயர் செப்டம்பரில் இருக்கிறது. மே கடைசி வாரங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு விழுந்திருக்கின்றன. அவர் மீன் பிடிக்கப் போகிறவர். செப்டம்பர்தான் தனக்குத் தோதான மாதம் என்று ஜனவரி முதல் என் காதில் புலம்பிக்கொண்டிருக்கிறார். அவர் மாற்றிக்கொள்வார் என்றே நினைத்தேன். மேலாளர் கையெழுத்தும் வேண்டும்.

மற்றது, விசா. நான் இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றது 1982-இல். 1984 ஜனவரியில் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டு ஊருக்குள் வந்தேன். இப்போது அப்படி முடியாது. பிறந்த மண்ணுக்குப் போக எனக்கு அனுமதி முத்திரை வேண்டும். படிவம் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். என்றைக்கு எந்தப் படிவம் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. அதைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். பிறந்த ஊர்: ஏற்காடு. தந்தை பிறந்த ஊர்: ஏற்காடு. பயணத்தின் நோக்கம்: சுற்றுலா, வணிகம், கல்வி, பிற. ‘பிற’ என்பதில் குறியிட்டேன். விவரம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். தாய்மாமன் என்பதை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுத எனக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. கடைசியில், ‘மூத்த சகோதரி மகளின் திருமணம், நான் இல்லாமல் அவள் வீட்டைவிட்டு வெளியே வர இயலாது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஸ்டெல்லா இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளும் சேலத்துக்காரி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கோட்டுக்குப் பொத்தான் போட்டாள்.

“போய்ட்டு வாங்க. ஷீலாவ நான் பாத்துக்கறேன். ஆனா லெட்டர் கிட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. அது போய்ச் சேர பன்னெண்டு நாளாவும். அதுக்குள்ள அந்தோணி சட்டைய தெச்சுப் போட்டுக்கிட்டு போட்டோவே எடுத்துருவான்.”

“வேற எப்படிச் சொல்றது?”

“எஸ்டேட் ஆபீசுக்கு போன் போடுங்க. வருசத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும் யோசிச்சிட்டுத்தானே இருக்கீங்க? ஒரு நாளு யோசிக்காம செய்யுங்க.”

8.10-க்கு அவள் போனாள். ஷீலா உருண்டையை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. நூலும் அதன் பக்கத்திலேயே மேசைமேல் கிடந்தது. 10 மணிக்கு விளக்கை அணைத்தேன்.

6

மார்ச் 4, புதன்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். தேநீர் போடவில்லை. 5.15-க்கு வெளிநாட்டு அழைப்புக்கான ஆபரேட்டரிடம் எஸ்டேட் ஆபீஸ் எண்ணைக் கொடுத்துக் காத்திருந்தேன். 5.40-க்கு மணி அடித்தது.

“ஹலோ, எஸ்டேட் ஆபீசுங்க.”

“மச்சான், நான் அருள் பேசறேன். லண்டன்லருந்து.”

“மாப்ள! ஐயோ, யாருக்கு என்னங்க ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. உங்க கணக்குல ஒரு தப்பு இருக்குது.”



“இருவத்தெட்டு வருசமா ரைட்டருங்க நானு. செக்ரோல்ல ஒரு அடித்தல் கெடையாது. இதச் சொல்றதுக்கா லண்டன்லருந்து போன் போட்டீங்க?”

“இதுக்குத்தானுங்க. இப்ப உங்க கடியாரத்துல மணி என்ன?”

“பதினொண்ணு பத்து.”

“எங் கடியாரத்துல அஞ்சு நாப்பது. இங்க இன்னும் விடியவே இல்ல.”

தாள் புரளும் ஓசை கேட்டது. அந்த நோட்டு இன்னும் அவர் பாக்கெட்டில்தான் இருந்திருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போட்டார்: “அஞ்சரை கழிக்கோணும்… இந்தப் பக்கம் கூட்டோணும்… அட! வர்றது ஒம்போது. போறது பத்து.” பிறகு, தோற்க மனமில்லாமல், “வருசம் பூரா இதே அஞ்சரைதானுங்களா?” என்றார்.

“மே மாசம் நாலரைங்க. இங்க கடியாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருவாங்க.”

“யாரு?”

“கவர்மெண்டுதான்.”

“கடியாரமே நெலையா நிக்காத ஊர்ல இருந்துக்கிட்டு, எங் கணக்கு தப்புங்கறீங்க!”

அவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு அடுத்த கட்டடம். சன்னல் வழியாகக் கத்தினார்: “ரெஜினா! ஏ ரெஜினா! ஓடியா, தம்பி போன்ல!”

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். “சாமி? என்ன கண்ணு ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலைங்க அக்கா. நீங்க சொன்ன ஏத்தமும் எறக்கமும் மாறிப்போச்சு. ஊருக்கு வர்றதுதான் எறக்கம். காத்து பின்னாலருந்து தள்ளுது. இங்க திரும்பறதுதான் ஏத்தம், ஒரு மணி நேரம் கூட ஆவுது.”

“யாரு சொன்னா?”

“என் நோட்டுல இருக்குதுங்க.”

“இது ஒனக்கு எப்பருந்து தெரியும்?”

காற்றைப் பற்றி நேற்றுத்தான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது காற்றைப் பற்றி அல்ல.

“நாலரை மணி தப்புன்னு அன்னிக்கே தெரியுங்க அக்கா. பஸ்ஸுல உக்காந்திருந்தப்பவே.”

“அப்பறம் ஏஞ்சாமி சொல்லல?”

“சொன்னா அடிக்கடி வரோணுமேன்னு.”

சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வினாடி.

“திருட்டுப் பயலே” என்றாள் அக்கா. “மூணு வருசமா எந் தம்பிக்கு ஏத்தம், எந் தம்பிக்கு ஏத்தம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நீ அங்க குளிருக்குப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தியாக்கும்!”

“மாலைய அந்தோணிகிட்ட குடுத்துறாதீங்க அக்கா. நான் வர்றேன்.”

“சட்டைய தெச்சுப்புட்டான். சட்டைய அவன் போட்டுக்கட்டும். மாலை ஒன்னுது. லில்லி வாசப்படில நின்னுக்கிட்டே இருப்பா, தெரிஞ்சுக்க. மறக்காம எலுமிச்சம்பழம் எடுத்துக்க. எறக்கத்துலயும் கொமட்டும்.”

5.52-க்கு ரிசீவரை வைத்தேன். விடுப்புப் பலகையில் என் பெயர் இன்னும் செப்டம்பரில்தான் இருந்தது. விசா படிவம் மேசைமேல் இருந்தது. எதுவும் உறுதியாகுமுன் வாக்குக் கொடுத்தது பதினாறு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. பயண நோட்டில் நான்காவது பயணத்துக்குப் புதிய பக்கம் எடுத்து, ‘லண்டன் – பம்பாய்’ என்று எழுதி, எதிரே ‘இறக்கம், 9 மணி’ என்று குறித்தேன். பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.